கறுப்புக் காரில் சிலந்திவலைக் கீறல்களும் வெள்ளை வளையங்களும்: கிறவல் தூசிக்குள் ஓடும் காரை எப்படிக் கழுவுவது?

கேள்வி (கிளிநொச்சி, திருவையாறு)

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில் ஓடிய பின் இறக்குமதியான கறுப்பு டொயோட்டா கார் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை நான் நாள்தோறும் பரந்தன் சந்தியால் திரும்பி, ஏ35 வீதியில் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலைக்கு ஓட்டிச் செல்கிறேன். பிரதான வீதி தார் வீதிதான். ஆனால் வீட்டு ஒழுங்கையும் பாடசாலைக்குத் திரும்பும் கடைசி இரண்டு கிலோமீற்றரும் கிறவல் என்பதால், சோளகம் வீசும் மாதங்களில் பின்னேரம் வீடு வந்து சேரும்போது காரின் நிறம் கறுப்பா செம்மண்ணா என்று தெரியாது.

ஓய்வுபெற்ற என் அப்பா விடியற்காலையில் எழுந்து, பழைய சாரத்துண்டு ஒன்றை நன்றாக உதறி, காரை முன்னிருந்து பின்வரை துடைத்துவிட்ட பின்தான் தேநீர் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றுத் தண்ணீரில் சலவைத்தூள் கரைத்துக் கழுவுவோம். இவ்வளவு கவனமாகப் பார்த்தும் மத்தியான வெயிலில் பொனற்றைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய வளையங்கள் தெரிகின்றன. கூரையிலும் பொனற்றிலும் தண்ணீர்த் துளி அளவில் வெள்ளை வளையங்கள் இருக்கின்றன, துடைத்தாலும் போகவில்லை. ஓட்டுநர் கதவின் கைபிடிக்குப் பின்னால் நகம் தடக்குகிற அளவுக்கு ஆழமான கீறல் ஒன்றும் உண்டு.

சென்ற ஆண்டு ஓர் இடத்தில் கட் அன்ட் பொலிஷ் (பெயின்ற்றை மெஷினால் தேய்த்து மினுக்கும் வேலை) செய்வித்தோம். இரண்டு வாரம் கண்ணாடி போல மின்னியது. பிறகு கீறல்கள் முன்னையதைவிட அதிகமாகத் தெரிந்தன. மறுபடியும் செய்விக்கச் சொல்கிறார்கள், எனக்குத் துணிவு வரவில்லை. எங்கே பிழை விடுகிறோம் என்று தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

பதில் (மாங்குளம்)

என் காரிலும் இதே வலை இருந்தது. தூசி படாமல் இருக்கட்டும் என்று உறை வாங்கிப் போட்டேன். இரவுக் காற்றில் உறை அசைய, அடியில் கிடந்த தூசி பெயின்ற்றை உரசி, இரண்டே மாதத்தில் மட்காட் விளிம்புகள் மங்கிவிட்டன. தூசியோடு நிற்கும் காருக்கு உறை போடாதீர்கள்; எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

பதில் (வவுனியா, வாகனப் பெயின்ற் வேலை)

வணக்கம் ரீச்சர். நீங்கள் ஒரே குறை போல எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் அவை காரணமும் வைத்தியமும் வேறான மூன்று குறைகள். அதற்கு முன்னர், மறுபடியும் மெஷின் வைக்க விடாததற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் வலையைப் பார்ப்போம். வளையமாகத் துடைத்ததால் வளையக் கீறல் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில் ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வலை பின்னியதுபோலத் தோன்றுகிறது. நீங்கள் ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள், அந்த வலையும் உங்களோடு தள்ளி வரும். இந்தக் கீறல்களைப் போட்டது சாரத்துண்டு அல்ல, அதற்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் அகப்பட்ட தூசி. நம்முடைய கிறவலில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரைதான். கண்ணாடியையே கீறக்கூடிய பொடியை உலர்ந்த துணியால் நாள்தோறும் தேய்த்தால் எந்தப் பெயின்ற்றும் தாங்காது. ஐயா துணியை உதறுவது நல்ல பழக்கம்தான், ஆனால் தூசி துணியில் இல்லை, காரில் இருக்கிறது.

அடுத்ததாக, பெயின்ற்றின் கனத்தை நினைவில் வையுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ற், அடிப்பூச்சு தொடக்கம் மேற்பூச்சு வரை, பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோன் (ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். அதில் கிளியர் என்று நாங்கள் சொல்லும் நிறமற்ற மேற்படை 40 அல்லது 50 மைக்கிரோன்தான். ஒரு தலைமயிரே ஏறத்தாழ 70 மைக்கிரோன். கட் என்ற சொல்லின் பொருளே வெட்டுவது. ஒவ்வொரு முறையும் மேற்படையில் கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது. உங்களுக்குக் கிடைத்த இரண்டு வார மினுக்கத்தில் பெரும்பங்கு பொலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறல்களை நிரப்பியதால் வந்திருக்கும். சலவைத்தூள் அதைக் கழுவியதும் பழைய கீறல்களும், சுழலும் மெஷின் போட்ட புதிய கீறல்களும் சேர்ந்து வெளியே வந்துவிட்டன.

மேற்கொண்டு சொல்வதற்கு இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டில் நிறக் குறியீடு என்ன? கதவின் உள்விளிம்பில் ஓர் இடத்தை நன்றாகக் கழுவி, உலரவிட்டு, வெள்ளைத் துணியில் வெள்ளை நிறப் பொலிஷ் துளி வைத்து மெதுவாகத் தேய்த்தால் துணியில் என்ன நிறம் வருகிறது?

கேள்வி கேட்டவர்

அண்ணை, தகட்டில் நிறக் குறியீடு 202 என்று இருக்கிறது. நீங்கள் சொன்னபடி கழுவித் தேய்த்தபோது துணி கரி பூசியதுபோலக் கறுத்துவிட்டது. பெயின்ற் கழன்று வருகிறதோ என்று பயந்து உடனே நிறுத்திவிட்டேன்.

பதில் (வவுனியா, வாகனப் பெயின்ற் வேலை)

பயப்படத் தேவையில்லை ரீச்சர், விடை கிடைத்துவிட்டது. 202 டொயோட்டாவின் வெறுங்கறுப்பு; மினுங்கும் துகள் எதுவும் அதில் இல்லை. அந்தக் கறுப்பைக் கிளியர் போடாமல் அடித்த கார்கள் நிறைய உண்டு, மென்மையான பெயின்ற் என்று எங்கள் தொழிலில் அது பெயர்பெற்றது. துணி கறுத்ததால் உங்கள் காரில் கிளியர் இல்லை, நீங்கள் தொட்டது நிறத்தையே என்று கொள்ளலாம். கிளியர் இருந்திருந்தால் துணியில் அழுக்கு மட்டும்தான் வந்திருக்கும். ஆகவே இந்தக் காரில் ஒவ்வொரு தேய்ப்பும் கறுப்பையே எடுக்கும்.

இன்றிலிருந்து உலர்ந்த துணி காரில் படக்கூடாது. காலையில் புறப்பட அவசரமென்றால் முன்கண்ணாடியையும் விளக்குகளையும் மட்டும் தண்ணீர் விட்டுத் துடையுங்கள், மற்ற இடங்களில் தூசி கிடக்கட்டும். கிடக்கிற தூசி கீறாது, அசைக்கிற தூசிதான் கீறும்.

கழுவும் நாளில் காரை நிழலில் விட்டு, பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் தொடங்குங்கள். சூடான தகட்டில் தண்ணீரும் ஷாம்பும் ஓடி முடியுமுன்னரே காய்ந்துவிடும். கை வைக்காமல், மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாக விட்டு முடிந்த அளவு மண்ணைக் கழற்றுங்கள். உயர் அழுத்தக் குழாய் இருந்தால் ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள். பெயின்ற் பெயர்ந்த விளிம்பில் நேராகப் பாய்ச்சினால் இன்னும் பெயரும். பிறகு ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காயுமுன் மறுபடியும் தண்ணீர் விடுங்கள். அதற்குப் பின்னர்தான் கை வைக்க வேண்டும்.

இரண்டு வாளி எடுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறுந்தண்ணீர். மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பில் தோய்த்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல், நேர்கோட்டில் இழுங்கள். ஒரு தகடு முடிந்ததும் வெறுந்தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பில் தோய்க்க வேண்டும். முதல் கழுவலுக்குப் பிறகு அந்த வெறுந்தண்ணீர் வாளியின் அடியை ஐயாவுக்குக் காட்டுங்கள். அங்கே படிந்திருக்கும் மண் முழுவதும் ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் மறுபடி காருக்குத்தான் போயிருக்கும். கதவின் கீழ்ப்பகுதிக்கும் பம்பருக்கும் வேறொரு துணி, சில்லுகளுக்கு இன்னொன்று. நிலத்தில் விழுந்த துணியை அன்று மறந்துவிடுங்கள்.

சலவைத்தூளை நிறுத்துங்கள். அதிலுள்ள காரம் மெழுகுப் படையை அகற்றிவிடும். கிளியர் இல்லாத உங்கள் காருக்கு வெயிலிலிருந்து இருக்கும் காப்பு மெழுகு மட்டுமே. கழுவி உலர்ந்த காருக்கு நல்ல கார்னோபா மெழுகை மெல்லியதாகக் கையால் பூசுங்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும், நமது பனையின் உறவான ஒரு மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகு அது. வரட்சியில் தன் ஓலை காயாமல் இருக்க அந்த மரம் பூசிக்கொள்வதை நாம் காருக்குப் பூசுகிறோம். நம்முடைய வெயிலில் சில வாரங்களே தாங்கும் என்பதால் ஆறு, ஏழு வாரத்துக்கு ஒரு முறை பூசுவது நல்லது.

வெள்ளை வளையங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. தண்ணீர் காற்றில் காய, சுண்ணாம்பு மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, முதலில் மறைவான ஓரிடத்தில் பரீட்சித்துவிட்டு, குளிர்ந்த தகட்டில் நனைத்த துணியை ஒன்று, இரண்டு நிமிடம் போட்டெடுத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; பிறகு அந்த இடத்துக்கு மெழுகு பூசுங்கள். அதற்கும் போகாத வளையம் பெயின்ற்றை அரித்துவிட்டது என்று பொருள். அதைத் துரத்த வேண்டாம்.

பதில் (ஒட்டுசுட்டான், நெற்செய்கை)

வவுனியா அண்ணை சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். குழாய்த் தண்ணீர் வசதி இல்லாதவர்களுக்கு வயலுக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் முதுகுத் தாங்கி மிக நல்ல கருவி. ஷாம்புத் தண்ணீரை ஊற்றிக் காரைச் சுற்றி நடந்தே தெளித்துவிடலாம். ஆனால் காருக்கென்று புதிய தாங்கி வாங்குங்கள். களைநாசினி ஊற்றிய தாங்கியை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. அது உங்கள் கைக்கும் முற்றத்துச் செடிகளுக்கும் கேடு.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது, வீதியோரம் காயும் நெல்லிலிருந்து பறக்கும் சுணையும் உமித்தூளும் மென்மையாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது. அந்த நாட்களில் கிறவல் தூசிக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அதற்கும் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. வினாகிரிக்குப் பொனற் வளையங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கூரையில் நான்கைந்து மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அப்பாவிடம் சாரத்துண்டை நிறுத்தச் சொல்வதுதான் எனக்குப் பெரிய தயக்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் அந்தக் காரைத் துடைப்பது வெறும் துடைப்பல்ல. முதல் நாள் கழுவி முடித்ததும் வாளியின் அடியில் கையை விட்டு மண்ணை அள்ளி, பெருவிரலால் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்ற சத்தம் எனக்கும் கேட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே தகரக் கூரையின் பீலிக்குக் கீழே மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய் வைத்துவிட்டார். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லைத்தானே, கடைசி அலசலுக்கு அதைப் பாவிக்கலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். கைபிடிக்குப் பின்னால் இருக்கும் ஆழமான கீறலுக்கு என்ன செய்வது?

பதில் (வவுனியா, வாகனப் பெயின்ற் வேலை)

ஐயா சரியாகப் பிடித்துவிட்டார். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரைவிட நல்லது இல்லை. முதல் மழை கூரைத் தூசியையும் சருகையும் கொண்டுவரும் என்பதால் அதை வழிந்தோட விட்டு, பிறகு பிடியுங்கள். பீப்பாயின் வாயில் துணி கட்டுங்கள். அலசிய பின் பெரிய மைக்ரோபைபர் துணியைத் தகட்டில் விரித்து, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள்.

நகம் தடக்கும் கீறலைப் பொலிஷ் போட்டு எடுக்க முயலாதீர்கள். சுற்றியுள்ள நல்ல பெயின்ற்றை அந்த ஆழத்துக்கு இறக்கினால்தான் அது மறையும். 202 குறியீட்டைச் சொல்லி ஒரு சிறிய போத்தல் ரச்சப் பெயின்ற் வாங்கி, கீறலைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனி மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் இரண்டு, மூன்று தடவை வையுங்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காய வேண்டும். உள்ளே தகரம் தெரிந்தால் முதலில் துரு தடுக்கும் பூச்சு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள் ரீச்சர்.