மொட்டை மாடிக்கு யார் காசு கொடுப்பது?

மூணாம் மாடி:

எங்கள் குடியிருப்பு சென்னைப் புறநகரில் இருக்கிறது. தரைத்தளமும் மூன்று மாடியுமாக 16 சின்ன வீடு, லிஃப்ட் கிடையாது, கட்டி முப்பது வருஷம் ஆகிறது. மேல் மாடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை ராத்திரிதான் கீழே இறக்குகிறது, ஃபேன் போட்டால் அந்தச் சூட்டையே வாரி நம் மேல் கொட்டும்.

ஏசி போட்டால் வேறு வம்பு. ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான மலிவு ரேட் பறிபோய்விடும்.

அந்த வருஷம் நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்டை மொட்டை மாடிக்கு அடிக்கலாம் என்று கொட்டேஷன் வாங்கினேன். 48,000 ரூபாய், வீட்டுக்கு 3,000. கூட்டத்தில் தரைத்தளத்து சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க ரூம் குளுகுளுன்னு இருக்க நான் எதுக்கு சார் காசு கொடுக்கணும்?" மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, பத்திரத்திலேயே இருக்கிறது என்றேன். "அப்போ மழை ஒழுகினா சொல்லுங்க, தர்றேன்" என்றார். கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் மனுஷன் பேசியதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை, செக்ரட்டரியே மேல்மாடிக்காரன் என்பதும் எல்லார் மனதிலும் உறுத்தியிருக்கும்.

அப்புறம்தான் பொது மீட்டர் பில்லை எடுத்துப் பார்த்தேன். 2023 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டு ரேட்டை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்களே, அது பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். எங்களுக்கு வீடு 16, அதனால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். மாடிப்படியிலும் வாசலிலும் பழைய டியூப் லைட் 12. சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட், சாயங்காலம் ஆறுக்குப் போட்டால் காலை ஆறு வரை. கணக்குப் போட்டால் ரெண்டு மாசத்துக்கு 430 யூனிட், வெறும் படிக்கட்டுக்கு! எல்லாவற்றையும் 9 வாட் எல்இடி ஆக்கியதும் அது 80 யூனிட்டுக்குள் வந்தது. அடுத்தது ஒன்றரை எச்பி மோட்டார். தொட்டி நிரம்பி சுவரில் வழிகிற வரை யாரும் நிறுத்த மாட்டார்கள், "நான் போடலை" என்பார்கள். தானாக நிற்கிற கன்ட்ரோலர் மாட்டினோம், தினம் ஒரு மணி நேர ஓட்டம் மிச்சம்.

இந்த மிச்சத்தைத் தனியாக எடுத்து வைப்போம், யாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டாம் என்றேன். இதற்கு யாரும் மறுக்கவில்லை. பல்பு, கன்ட்ரோலர் செலவு போக ஒன்றரை வருஷத்தில் 24,000 சேர்ந்தது. மீதிப் பாதியை மேல் மாடி நாலு வீடும் ஆளுக்கு 6,000 போட்டோம்.

வேலையில் சொதப்பலும் உண்டு. கான்ட்ராக்டர் பாசி மேலேயே அடிக்கப் பார்த்தார், விடவில்லை. தட்டோட்டு இடுக்கெல்லாம் சுரண்டி விரிசல் அடைத்த பிறகுதான் முதல் கோட். ஆனால் பங்குனியில் திடீரென்று ஒரு மழை வந்து, ஈரம் காயாமலே ரெண்டாவது கோட் அடித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மூலையில் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது, திரும்ப அடிக்க வைத்தோம்.

பலன்? ராத்திரி கூரையைத் தொட்டால் வெதுவெதுப்புதான், சூடு இல்லை. போன கோடையில் 610 வந்த என் மீட்டர் இந்த முறை 470ல் நின்றது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

வாடகைக்காரன்:

அண்ணா, உங்களுக்காவது கூட்டம் போட உரிமை இருக்கிறது. நான் இருப்பது வாரியக் குடியிருப்பில் வாடகைக்கு, ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். கரண்ட் மிச்சமானால் லாபம் எனக்கு, ஆனால் சுவர் ஓனருடையது, அதனால் அவர் எதுவும் செய்ய மாட்டார். நான் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்தது) ஒன்று 3,000 கொடுத்து வாங்கி மாட்டினேன். பழைய ஃபேன் 75 வாட், இது 30. தினம் 15 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட், 400 ரூபாய் மிச்சம். பழைய ஃபேனைப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன், காலி செய்யும் அன்று அதை மாட்டிவிட்டு என்னுடையதைக் கழற்றிக்கொண்டு போவேன். ரிமோட்டை மட்டும் பையன் எங்கேயாவது தொலைத்துவிடுகிறான்.

தெம்பனிஸ்காரி:

இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு வெளியே சூடு குறைக்கும் பூச்சு அடித்துப் பார்த்தார்கள், எங்கள் தெம்பனிஸில்தான் முன்னோட்டம். யாரிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டியதில்லை, கழகமே செய்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீட்டுக்கும் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டு வேறு கொடுத்தார்கள், மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் சாமான் வாங்க. நான் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றினேன். ஊரில் அம்மா வீடு மேல் மாடி. பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தால் போதுமா சார்?

மூணாம் மாடி:

போதும் மேடம், கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்லாவே வேலை செய்யும், செலவும் கொஞ்சம்தான். ஒரு மழைக்காலம் போனால் பாதி கரைந்துவிடும், வருஷா வருஷம் மாசி, பங்குனியில் அடிக்க வேண்டும். காலிலும் ஒட்டும், துணி காயப்போட்டால் அதிலும் ஒட்டும். பெயிண்டும் அப்படியே விட்டால் தூசி படிந்து பழுப்பாகிவிடும், நாங்கள் கோடைக்கு முன்னால் ஒரு தடவை தேய்த்துக் கழுவுகிறோம்.

இன்னொருவர் தனியாகச் சோலார் பற்றிக் கேட்டிருந்தார். 2024ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் என்ற கூரை சோலார் திட்டத்தில் குடியிருப்பின் பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. அதையும் கூட்டத்தில் வைத்தேன். "பேனல் வெச்சா வடகம் எங்கே காயப்போடுறது?" என்று ரெண்டு வீடு கையெழுத்துப் போடவில்லை. தரைத்தளத்து சார் முதல் ஆளாகப் போட்டுவிட்டார்.