பழைய பத்திரிகைத் தொடர்கதைத் தாள்கள் எடைக்குப் போனது, கைநழுவியது: உங்களுக்கும் உண்டா?

சிம்மக்கல்லான்:
மதுரை புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலம். யாளியின் காலடி வரை புத்தகம் அடுக்கியிருப்பார்களே, அந்த வரிசை. கல்கி பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பொன்னியின் செல்வன், முதல் பாகம் மட்டும், ஓவியர் மணியம் படங்களோடு. குதிரையில் வரும் வந்தியத்தேவனுக்கு எந்தப் பிள்ளையோ பென்சிலில் மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தது. கடைக்காரர் 500 சொன்னார், 300-க்குக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீ குடித்துவிட்டு வந்தால் இறங்குவார் என்று போனேன். வந்து பார்த்தால் அந்த இடத்தில் பஞ்சாங்கக் கட்டு. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் அந்தக் கண்ணாடியைத்தான் தேடுகிறேன்.

செல்லூர் பேத்தி:
எங்கள் அப்பத்தா விகடனில் வந்த தில்லானா மோகனாம்பாளை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். பின்பக்கங்களில் பாதி ஜோக், பாதி தைல விளம்பரம். அப்பத்தா போய்ப் பதினாறு முடிந்த மறுநாளே சித்தப்பா எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். தராசில் ஏற்றும்போது ஒரு தாள் நழுவி விழுந்தது. கன்னம் உப்ப வாசிக்கும் சண்முகசுந்தரம், கோபுலு வரைந்தது. நான் எடுப்பதற்குள் கடைக்காரர் எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திருமங்கலம் வாசகன்:
@சிம்மக்கல்லான், மணியம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் வரைந்தது 1950-54-இல் முதல்முறை வந்தபோது. அப்புறம் கல்கியில் மறுபடி வந்தபோது வினு வரைந்தார். கையெழுத்தைப் பார்த்தீர்களா? மணியம் படம் போட்டது 500-க்கா?
என் கதை சின்னது. வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறி, பின்பக்கத்துப் படம் முன்பக்கம் தெரிந்து, கதாநாயகிக்கு மீசை முளைத்தது. தின்றுவிட்டுத் தூக்கிப் போட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

சிம்மக்கல்லான்:
கையெழுத்தை எங்கே பார்த்தேன், மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பைண்டர் மகன்:
யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். நாளானால் மஞ்சளாகி எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த பின்னைக் கழற்றி நூலால் தையுங்கள். ஈரமானால் நிழலில் விசிறி விட்டு ஆற்றுங்கள், வெயில் ஆகாது. மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி அண்டாது, ஆனால் அது விஷம், பிள்ளைகள் கையில் படக்கூடாது. முக்கியமாக, தைக்கக் கொடுக்கும்போது “ஓரம் வெட்டாதீங்கண்ணே” என்று சொல்லிக் கொடுங்கள். ஓவியர் கையெழுத்து பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும். மணியமா வினுவா என்று நீங்கள் இங்கே மல்லுக்கட்டுவதே எங்களைப் போன்றவர்களின் கத்தியால்தான்.
என் அனுபவம் என்றால், அம்புலிமாமா கட்டு வரும்போது அப்பா வெட்டிய ஓரத் துண்டுகளை எனக்குக் கொடுப்பார். ஒன்றில் சங்கர் வரைந்த வேதாளத்தின் தொங்கும் கை மட்டும் இருந்தது. ரொம்ப நாள் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்தப் புத்தகம் வாங்கிப் போன வீட்டில் வேதாளத்துக்குக் கை இருந்திருக்காது.