டாஸ் போட்டு ஃபைனலுக்குப் போன டீம் நிஜமாவே இருக்கா?

கடலோரக்கோலி:
போன ஞாயிறு எங்க ஊர் செவன்ஸ் ஃபுட்பால் (டீமுக்கு ஏழு பேர்) டோர்னமென்ட்ல செமி ஃபைனல். 1-1. எக்ஸ்ட்ரா டைம் முடியும்போதே நல்லா இருட்டிடுச்சு, மைதானத்துல லைட் கிடையாது. பெனால்ட்டி அடிச்சா கோலிக்கு (கோல்கீப்பருக்கு) பந்தே தெரியாதுன்னு கமிட்டிக்காரங்க டாஸ் போட்டுட்டாங்க. எங்க டீமுக்கு நான்தான் கோலி, கேப்டனும் நான்தான். தலை கேட்டேன், பூ விழுந்துச்சு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. டீம்ல ஒரு அண்ணன், "ஐரோப்பியக் கோப்பையையே இத்தாலி டாஸ் போட்டுத்தான்டா ஜெயிச்சுது"ங்கிறார். ஆறுதலுக்குச் சொல்றாரா, இல்ல நிஜமாவே நடந்ததா?

நடுக்களம்83:
உலகக் கோப்பையில அப்படி எதுவும் நடந்ததில்ல தம்பி. அந்தக் காலத்துல டிரா ஆனா மறுபடி ஆடுவாங்க. 1934ல இத்தாலியும் ஸ்பெயினும் ஃப்ளோரன்ஸ்ல 1-1. மறுநாளே திரும்ப ஆடி இத்தாலி 1-0 ஜெயிச்சுது. ஐரோப்பியக் கோப்பை பத்தி எனக்குத் தெரியாது.

பழையவிசில்:
இருபது வருஷம் மாவட்ட லீக்ல ரெஃப்ரியா இருந்தவன் நான். உங்க அண்ணன் சொன்னது முக்கால்வாசி சரி. இத்தாலி டாஸ்ல ஜெயிச்சது கோப்பையை இல்ல, ஃபைனலுக்குப் போற வழியை.

1968 ஜூன் 5, நேப்பிள்ஸ். இத்தாலிக்கும் சோவியத் யூனியனுக்கும் செமி ஃபைனல். இத்தாலியோட ரிவேராவுக்கு ஆரம்பத்துலயே அடிபட்டுடுச்சு. மாற்று ஆளை இறக்க அப்போ அனுமதி இல்ல. எக்ஸ்ட்ரா டைமும் சேர்த்து 120 நிமிஷம் ஆடியும் 0-0. மூணே நாள்ல ரோம்ல ஃபைனல், மறுபடி ஆட நாள் எங்க இருக்கு? மேற்கு ஜெர்மனி ரெஃப்ரி குர்ட் ட்ஷென்ஷர் ரெண்டு கேப்டன்களையும் கூட்டிக்கிட்டு உள்ளே போயிட்டார். கவனிங்க, டாஸ் மைதானத்துல நடக்கல. அத்தனை ஆயிரம் பேரும் காலியான புல்லைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ரெஃப்ரி ஒரு பழைய காசை எடுத்தார்னும், தான் பூ கேட்டதாவும் இத்தாலி கேப்டன் ஃபாக்கெட்டி பின்னாடி சொல்லியிருக்கார். பூ விழுந்ததும் படியேறி வெளியே ஓடி வந்திருக்கார். அவர் ஓடி வந்த விதத்தைப் பார்த்துத்தான் கூட்டத்துக்கு முடிவே தெரிஞ்சுது.

ஃபைனல்ல யூகோஸ்லாவியா. அவங்க ஆள் ஜாஜிச் கோல் போட்டு முன்னிலை. 80வது நிமிஷம் டொமெங்கினி ஃப்ரீ கிக்ல சமன் பண்ணார். 1-1. இங்க டாஸ் இல்ல, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மேட்ச். இத்தாலி அஞ்சு புது ஆட்களை இறக்குச்சு, யூகோஸ்லாவியா கிட்டத்தட்ட அதே களைச்ச கால்களோட வந்துச்சு. ரீவா, அனஸ்தாசி ஆளுக்கொரு கோல், 2-0. அதனால கோப்பை காலால ஜெயிச்சதுதான், அதை இத்தாலிகிட்ட இருந்து பறிக்க வேண்டாம்.

நடுக்களம்83 ஒண்ணை விட்டுட்டார். 1954 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுல ஸ்பெயின் துருக்கியை 4-1ன்னு ஜெயிச்சுது, அப்புறம் துருக்கி 1-0. அப்போ கோல் கணக்கு பார்க்க மாட்டாங்க. ரோம்ல மூணாவது மேட்ச் வெச்சாங்க, அதுவும் 2-2. ஒரு சின்னப் பையன் கண்ணைக் கட்டி சீட்டு எடுக்கச் சொன்னாங்க. துருக்கி வந்துச்சு. 4-1ன்னு ஜெயிச்ச ஸ்பெயின் வீட்டுக்குப் போச்சு.

நேப்பிள்ஸ் டாஸ் நடந்து ரெண்டு வருஷத்துல, 1970 ஜூன்ல, டிரா ஆனா ரெண்டு டீமும் மாறி மாறி பெனால்ட்டி அடிக்கிற ஷூட்அவுட்டை விதியா ஏத்துக்கிட்டாங்க. ஷூட்அவுட்ல முடிஞ்ச முதல் ஐரோப்பிய ஃபைனல் 1976, பெல்கிரேட். செக்கோஸ்லோவாக்கியா, மேற்கு ஜெர்மனி, 2-2. மேற்கு ஜெர்மனியோட ஊலி ஹோனஸ் அடிச்ச பந்து கம்பிக்கு மேல பறந்துச்சு. அடுத்து செக்கோஸ்லோவாக்கியாவோட பனென்கா. வேகமா ஓடி வந்து, கோலி மாயர் ஒரு பக்கம் விழுந்ததும், பந்துக்கு அடியில லேசா கொத்தி நடுவுல மிதக்க விட்டார். அதை அவர் திடீர்னு செய்யல. கிளப்ல பயிற்சி முடிஞ்சதும் தன்னோட கோலிகிட்ட பீருக்கும் சாக்லேட்டுக்கும் பந்தயம் கட்டி ரெண்டு வருஷமா அடிச்சு அடிச்சுப் பழகினது.

ஷூட்அவுட்டை லாட்டரின்னு சொல்றவங்ககிட்ட எனக்கு இதனாலதான் சண்டை. காசு சுண்டறதுக்கு யாராவது ரெண்டு வருஷம் பயிற்சி எடுக்க முடியுமா?

கடலோரக்கோலி:
ரொம்ப நன்றிண்ணே. ஒண்ணே ஒண்ணு. அந்த சோவியத் கேப்டன் யாரு? எங்க தேடினாலும் ஃபாக்கெட்டி கதைதான் வருது.

பழையவிசில்:
ஆல்பெர்ட் ஷெஸ்டெர்னியோவ். டிஃபெண்டர், மாஸ்கோ ராணுவ கிளப் ஆள். அன்னைக்கு அவர் டீம் 120 நிமிஷத்துல ஒரு கோல் கூட வாங்கல. பதிவேட்டுல இன்னைக்கும் அந்த மேட்ச் 0-0தான், சோவியத் தோத்ததா எங்கயும் எழுதல. உங்க மேட்சும் 1-1தான் தம்பி. கமிட்டிகிட்ட மட்டும் விடாம பேசுங்க, அடுத்த வருஷம் செமி ஃபைனலை மூணரை மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க.