வேலையை விட்டு, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? கணக்கு இதோ, அலசுங்கள்

பெருங்குடிக்காரி:
வணக்கம். சுற்றி வளைக்காமல் கணக்கைப் போட்டுவிடுகிறேன். வயது 34, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கைக்கு வருவது 64,000. கணவருக்கு 92,000. ஹவுசிங் லோன் இ.எம்.ஐ. 34,500, 2038 வரை ஓடும். பெரியவன் மூன்றாம் வகுப்பு, சின்னவள் யு.கே.ஜி. இருவருக்கும் ஃபீஸ், வேன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,30,000. சின்னவளுக்கு டே கேர் 6,500. நான் ஆபீஸ் போய்வர, கேன்டீன் என்று 5,000. மளிகை, பால், கரன்ட், மெயின்டெனன்ஸ், பெட்ரோல், மருந்து எல்லாம் 48,000. அம்மாவுக்கு மாதம் 8,000 அனுப்புகிறேன்.

பெரியவன் ஞாயிறு ராத்திரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். திங்கள் காலை ஒரு ஷூ மாட்டுவான், இன்னொன்றைக் கையில் எடுக்கும்போது வாந்தி. வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். செக்‌ஷன் மாற்றியும் பார்த்தாயிற்று. ஜூனிலிருந்து இரண்டு பேரையும் வீட்டில் வைத்துப் படிக்க வைக்க, நான் வேலையை விடலாம் என்று யோசனை. ஒரு சம்பளத்தில் ஓடுமா என்பதுதான் கேள்வி.

மாடித்தோட்டம்:
ஓடும்மா. உங்கள் வேலையால் வருவது 64,000 என்று நினைப்பதுதான் சிக்கல். ஃபீஸ், வேன் மாதத்துக்கு 19,000 சொச்சம், டே கேர் 6,500, ஆபீஸ் செலவு 5,000. இந்த 30,000-க்கு மேல் அந்த வேலைக்கும் அந்தப் பள்ளிக்குமே போகிறது. நிஜ இழப்பு 33,000 சொச்சம்தான். எங்கள் வீட்டிலும் ஒரே சம்பளம்தான். பெரியவள் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதப் போகிறாள். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
பாதிக் கணக்கை மட்டும் சொல்லி ஆசை காட்டாதீர்கள். 92,000-இல் இ.எம்.ஐ. 34,500, வீட்டுக்கு 48,000, அம்மாவுக்கு 8,000. மிச்சம் 1,500. வாஷிங் மெஷின் மோட்டார் போனால் அந்த மாதம் துண்டு விழும். இப்போது மாதம் 34,800 மிஞ்சுகிறது, அதுதான் மொத்தமாகக் காலி.

கைக்கு வராத பணம் வேறு இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 36,000 என்று வைத்தால் பி.எஃப்.-க்கு உங்கள் பங்கு 4,320, கம்பெனி பங்கும் 4,320. மாதம் 8,640 சேமிப்பு நின்றுபோகும். ஆக இழப்பு 42,000-க்குப் பக்கம். புத்தகம், நீச்சல், ஓவிய வகுப்பு எல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

பிள்ளைகள் பகலெல்லாம் வீட்டில் இருந்தால் கரன்ட் பில்லைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு இல்லை, கீழ் அடுக்கின் விலையும் ஏறிவிடும்.

ஈரோட்டு சிவா:
ஏங்க, யாராச்சும் கேக்க மாட்டீங்களா? வேலைய விடறது ஏன் அவங்க? நான் என் வேலைய விட்டுட்டு பையன வீட்ல வச்சு படிக்க வைக்கறேன். என் வீட்டம்மா பேங்க்ல இருக்காங்க. சொந்தக்காரங்க பேசாத பேச்சு இல்ல.

பெருங்குடிக்காரி:
சிவா அண்ணா, பேசினோம். அவர் சம்பளம் அதிகம், லோனும் அதை நம்பித்தான். கணக்குப்பிள்ளை சார், அடிப்படைச் சம்பளம் நீங்கள் சொன்ன அதே 36,000-தான். இந்தக் கம்பெனியில் 4 வருடம் 2 மாதம், முந்தையதையும் சேர்த்தால் 9 வருடம் 1 மாதம். முதல் வேலையில் அடிப்படை 12,000-தான், அப்போதிலிருந்தே பி.எஃப். பென்ஷனிலும் இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஜூனில் விடவே கூடாது. பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் 9 வருடம் 6 மாதம் போதும். இன்னும் 5 மாதம். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, ஒரே கம்பெனியில் 5 வருடம், இன்னும் 10 மாதம். 36,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 5 வருடத்துக்குப் போட்டால் 1,03,800 வரும். லட்ச ரூபாயை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வரப் போகிறீர்களா?

மாடித்தோட்டம்:
அந்தப் பென்ஷன் எவ்வளவு என்றும் சொல்லுங்களேன். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பு 15,000-ஐ 10 வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,143 ரூபாய். அதுவும் 58 வயதில். ஷூ போடும்போது வாந்தி எடுக்கிற பிள்ளையிடம், "அம்மாவுக்கு 2,143 வரும், பொறுத்துக்கோ கண்ணா" என்று சொல்ல முடியுமா?

கிராஜுவிட்டிக்கும் 10 மாதம் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு வருடம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
தீர்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. எச்.ஆர். தர மாட்டேன் என்றால் தொழிலாளர் துறைக்கு நடக்கப்போவது யார்? இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இவர்தானே?

ஓய்வுபெற்ற மேலாளர்:
முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கை, கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் தாயார் இருக்கிறாரா?

பெருங்குடிக்காரி:
இருக்கிறார் ஐயா. 61 வயது, சர்க்கரையும் பிரஷரும்.

ஓய்வுபெற்ற மேலாளர்:
பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் அப்புறம். முதலில் இதுதான். புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். வேலையில் இருக்கும்போதே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குழுவில் கழித்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி உண்டு. ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு ஓடாதீர்கள். அந்த வயதுக்கு பிரீமியம் கணிசமாக வரும். அந்த 1,500-இல் அடங்காது.

இரண்டாவது, உங்கள் கணவரின் டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் பாலிசி. ஒரே சம்பளம் என்றாகும்போது, குறைந்தது கடன் பாக்கியும் பத்து வருட வீட்டுச் செலவும் அதில் அடங்க வேண்டும். புதிதாக எடுப்பதை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது, தொகை மனைவி மக்களுக்கே சேரும். பாலிசி எடுக்கும்போதே அந்தப் படிவத்தைத் தரவேண்டும்.

அரசுப்பள்ளி டீச்சர்:
நடுவில் ஒரு வார்த்தை. தனியார் பள்ளி இல்லையென்றால் வீடு, ஏன் இந்த இரண்டே வழி? பக்கத்து அரசுப் பள்ளியில் போடுங்கள். ஃபீஸ் கிடையாது, வேலையும் தங்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. வீட்டில் படித்தால் அது போச்சு.

மாடித்தோட்டம்:
டீச்சர், இப்போது படிக்கிற தனியார் பள்ளியிலும் அது கிடையாதே. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன். வீட்டுப் படிப்பு சரிப்படவில்லை என்றால் திரும்ப ஓர் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பழைய தனியார் பள்ளிக்கே போனால் சேர்க்கைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்பார்கள், அந்தத் தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

ஈரோட்டு சிவா:
யாரும் தொடாத ஒண்ணு சொல்றேன். அம்மாவுக்குப் போற 8,000. இப்ப உங்க காசு, கேள்வி இல்ல. நாளைக்கு அவர் சம்பளத்துல இருந்து போகணும். என் வீட்டம்மா தங்கமான மனுஷிதான், ஆனா எங்கப்பாவுக்கு செல்போன் வாங்க அவங்ககிட்ட கேட்டப்ப எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒண்ணாம் தேதியே ஒரு தொகை உங்க அக்கவுன்ட்டுக்கு தானா வர்ற மாதிரி பேங்க்ல சொல்லி வச்சுடுங்க. மாசாமாசம் கை நீட்ட வேணாம்.

கணக்குப்பிள்ளை:
சிவா சொன்னதற்கு என் ஓட்டு. கூடவே ஒரு வரிச் சிக்கல். கணவர் கொடுக்கும் பணத்தை உங்கள் பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டி அவர் வருமானத்தோடு சேரும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) என்றால் வட்டிக்கே வரி இல்லை, வருடம் 1,50,000 வரை போடலாம். பழைய பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவழிக்காதீர்கள். வேலையை விட்ட பிறகு அதில் வரும் வட்டிக்கு வரி உண்டு என்பது வேறு விஷயம், ஆனால் உங்கள் பெயரில் மிஞ்சப்போகும் சொத்து அது ஒன்றுதான்.

பெருங்குடிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவரோடு உட்கார்ந்து பேசினேன். ஜூனில் பெரியவனை மட்டும் வீட்டில் வைக்கிறோம். டீம் லீட் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒத்துக்கொண்டார், மற்ற இரண்டு நாள் மாமியார் வருகிறார். சின்னவள் பள்ளிக்குப் போவாள். அம்மா பாலிசிக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன். என் சம்பளத்தைத் தொடாமல் அவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பார்ப்போம், ஐந்து மாதம் கழித்து ராஜினாமாவை முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம்.

மாடித்தோட்டம்:
மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு எட்டு வயதுப் பையனுக்குப் பாடம் நடத்த முடியாதும்மா. அவனுக்கு டி.வி.தான் டீச்சர் ஆகும். பிறகு வீட்டுப் படிப்பே தோல்வி என்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐந்து மாதத்தில் அவன் பாடம் படிக்காவிட்டால் என்ன? வாந்தி நிற்கட்டும் முதலில். சின்னவள் ஃபீஸையும் அந்த ஒரு சம்பளத்திலேயே கட்டிப் பாருங்கள் தங்கச்சி, அப்போதுதான் சோதனைக்கு அர்த்தம்.