டிக்டாலிக் பற்றி ஒரு சந்தேகம், உதவுங்களேன்

வணக்கம். பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்தும்போது, 2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவத்தின் (மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்டது) படத்தைக் காட்டினேன். செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. ஆனால் தலையைத் திருப்பக் கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள். 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறையில் இப்படியொன்று இருக்க வேண்டும் என்று கணித்துத் தேடிப்போய் எடுத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய சான்று.

கடைசி பெஞ்சுப் பையன் மடக்கிவிட்டான்: "சார், போலந்துல அதைவிடப் பழைய நாலுகால் தடம் இருக்காமே, அப்ப இது எப்படி இடைப்பட்டது?" (முதல்நாளே கூகுளில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், பயல்!) நேரடிப் பாட்டன் இல்லடா, பங்காளி மாதிரி, பழைய சாடை அதனிடம் தங்கிவிட்டது என்று சமாளித்தேன். திருப்தியில்லை அவனுக்கு.

இதைவிட எளிய உதாரணமோ, தமிழில் கிளைமரப் படமோ இருந்தால் பகிருங்கள். வியாழக்கிழமை அதே வகுப்பு.