வடகரோலினா 74, வில்லனோவா 77: கடைசி 4.7 விநாடியும் அடுத்த சீசனும்

கோர்ட்_ஓரம்

2016 ஏப்ரல் 4, ஹூஸ்டன், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் (என்.சி.ஏ.ஏ.) ஆண்கள் இறுதிப் போட்டி. ஐந்தரை நிமிடம் மிச்சமிருந்தபோது வில்லனோவா 10 புள்ளி முன்னால் இருந்தது. வடகரோலினா விடாமல் துரத்தியது. மார்கஸ் பெய்ஜ் காற்றிலேயே உடம்பை வளைத்து எறிந்த த்ரீ பாயிண்டரில் (வெளிக்கோட்டுக்கு அப்பாலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட், சுருக்கமாக த்ரீ) 74-74. பிறகு மிச்சமிருந்த 4.7 விநாடியில் வில்லனோவாவின் கிறிஸ் ஜென்கின்ஸ் போட்ட த்ரீ, நேரம் முடிந்ததைச் சொல்லும் பஸ்ஸரோடு ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் அந்த ஒரு ஷாட்டையே பேசுகிறார்கள். ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். வடகரோலினா அன்று 17 த்ரீயில் 11 போட்டது. சீசன் முழுக்க வெளியிலிருந்து சுமாராக ஆடிய அணி அது. அன்று அப்படிப் போட்டும் தோற்றது. காரணம் இரண்டு: வளையத்துக்கு அருகே எக்கச்சக்கமாகத் தவறவிட்டது, எதிரணியை 58 சதவீதம் போட விட்டது. அடுத்த சீசனைக் கணிக்க இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்லைன்

உண்மைதான். ஆனாலும் அந்த 4.7 விநாடியைக் கோச்சிங் பண்ணுகிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கல்லூரி விதிப்படி கடைசி நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நிற்கும். கூடைக்குப் பிறகு பந்தை உள்ளே கொடுப்பவர் பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) நெடுக ஓடலாம். டைம் அவுட் எடுத்தாலும் அந்த உரிமை போகாது. அதனால் அவரை மறித்து நிற்பது லேசில்லை.

கோர்ட் 94 அடி. நேராக ஓடவிட்டால் நல்ல கார்டு (பந்தை ஓட்டி வருகிற ஆட்டக்காரர்) நாலு விநாடிக்குள் ஷாட் எடுக்கிற தூரத்துக்கு வந்துவிடுவார். பாதிக் கோர்ட்டுக்கு முன்பே ஒரு முறையாவது அவரைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் நேரம் கரையும். அன்று அது நடக்கவில்லை. வில்லனோவாவின் ஆர்ச்சிடியாகோனோ பந்தோடு வேகமாக வந்தார், நடுக்கோடு அருகே ஒச்செஃபு ஸ்கிரீன் வைத்தார் (தடுப்பவர் வழியில் உடம்பால் மறித்து நின்றார்), தடுப்பவர்கள் பந்தை நோக்கிச் சாய்ந்தார்கள். உள்ளே கொடுத்துவிட்டு பின்னாலேயே ஓடிவந்த ஜென்கின்ஸ் தனியாக நின்றார்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? ஸ்கோர் சமம். இரண்டு விழுந்தாலும் மூன்று விழுந்தாலும் தோல்விதான். அதனால் கால்கள் தானாகவே வளையத்தை நோக்கி இறங்கும். பயிற்சியில் கடிகாரத்தை 5 விநாடிக்கு வைத்து ஐந்துக்கு ஐந்து ஆடுங்கள். உள்ளே கொடுப்பவரைக் காக்கிறவர், பஸ்ஸர் அடிக்கும்வரை அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். பந்துக்கு உதவப் போகவே கூடாது.

ஸ்கோர்_ஷீட்

அடுத்த சீசனுக்கு வருகிறேன். வடகரோலினாவிலிருந்து பெய்ஜும் பிரைஸ் ஜான்சனும் போனார்கள். ஜான்சன் ஆட்டத்துக்கு 17 புள்ளி, 10-க்கு மேல் ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). பெரிய ஓட்டைதான். ஆனால் பெர்ரி, ஜாக்சன், மீக்ஸ், ஹிக்ஸ், பின்சன் எல்லோரும் தங்கினார்கள். புதிதாக டோனி பிராட்லி வந்தார். தோற்ற அணியில் யார் போனார்கள் என்பதோடு, தங்கினவர்களிடம் எந்த ஒரு திறமை வளர்ந்தால் ஓட்டை அடையும் என்றும் பார்க்க வேண்டும். இங்கே அது ஜஸ்டின் ஜாக்சனின் த்ரீ. 29 சதவீதத்திலிருந்து 37-க்கு ஏறினார். சீசனில் 105 த்ரீ போட்டது அப்போது பல்கலைக்கழகச் சாதனை. பின்சன் பாத எலும்பு முறிவால் முதல் 16 ஆட்டம் ஆடவில்லை, அதையும் தாங்கினார்கள்.

2016-லும் 2017-லும் வெற்றி-தோல்விக் கணக்கு 33-7 தான். ஆனால் 2017 ஏப்ரல் 3 அன்று இறுதிப் போட்டியில் கொன்சாகாவை 71-65 என்று வென்றபோது 27 த்ரீயில் 4 மட்டுமே விழுந்தது. வெளிஷாட் விழாத ராத்திரியிலும் ஜெயிக்க முடிந்ததை அந்த ஆண்டின் உண்மையான வளர்ச்சியாகப் பார்க்கிறேன்.

கோர்ட்_ஓரம்

பேஸ்லைன் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 2017-ல் கென்டக்கிக்கு எதிராக மாலிக் மங்க் 73-73 ஆக்கினார். வடகரோலினா டைம் அவுட் கேட்கவில்லை. பின்சன் நேராக ஓட்டிக்கொண்டு போய், பின்னால் வந்த லூக் மேக்குக் கொடுத்தார், 0.3 விநாடி மிச்சத்தில் 75-73. பந்தோடு ஓடுகிற ஆள், பின்னால் வருகிற பெரிய ஆள்: அதே வடிவம். டைம் அவுட் எடுத்தால் எதிரணிக்கும் தடுப்பை அடுக்க நேரம் கிடைக்கும். ஆனால் தினமும் பழகிய அணியால்தான் அது இல்லாமல் ஓட முடியும்.

லோ_போஸ்ட்

ரீபவுண்டை யாரும் தொடவில்லையே. 2017 அரையிறுதியில் ஆரிகனுக்கு எதிராக வடகரோலினா 77-76. கடைசி ஆறு விநாடிக்குள் மீக்ஸ் இரண்டு ஃபிரீ த்ரோவும் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஷாட்) தவறவிட்டார். பந்தைப் பின்சன் தட்டிப் பெர்ரியிடம் அனுப்பினார். பெர்ரியும் இரண்டையும் தவறவிட்டார், மீக்ஸ் பிடித்தார். நாலு ஃபிரீ த்ரோ போயும் ஆரிகனுக்குப் பந்தே கிடைக்கவில்லை.

ஃபிரீ த்ரோவில் வளையத்தை ஒட்டிய இடம் தடுக்கும் அணிக்குத்தான். இருந்தும் ஏன் இழக்கிறோம்? பந்து கையை விட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பதால். முதல் அடி பக்கத்து ஆளை நோக்கி, இரண்டாவது அடியில் இடுப்பால் மறித்துப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். பந்தைத் தேடுவது அதற்குப் பிறகு. ஃபிரீ த்ரோ எறிந்தவரை மறிக்கத் தனியாக ஒருவர் வேண்டும், அவர் யார் என்று வரிசையில் நிற்கும் முன்பே சொல்லியாக வேண்டும். களைத்த கால்களோடு பழகினால்தான் பலன், எனவே பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் வையுங்கள்.