பாத்ரூம் சீலிங்கில் கறுப்புப் புள்ளி, என்ன செய்தாலும் திரும்ப வருகிறது, அவசரம்

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். பாத்ரூமில் பூஞ்சை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாயிற்று, அதன் மேல் பெயிண்டும் அடித்தாயிற்று. மூன்றே வாரம், மறுபடி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருகிறார்கள். ஒரேயடியாகப் போக என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரவாதோசை:
சீலிங்கில் எந்தப் பக்கம்? எத்தனையாவது மாடி? மேலே வீடு இருக்கிறதா, மொட்டை மாடியா? ஜன்னல் உண்டா? எக்ஸாஸ்ட் ஃபேன்?

கீழ்வீட்டுக்காரி:
மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது. வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருடம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்தோம். கடைசியில் பார்த்தால் மேலே பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப் ஓரத்தில் விரிசல். அந்த வீட்டுக்காரர் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார்.

ஆய்வகஅண்ணன்:
பூஞ்சை என்று யார் முடிவு செய்தது? பச்சையாக வழுக்கினால் பாசி, அதற்கு வெளிச்சம் வேண்டும். வெள்ளையாகப் பூத்து, தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் உப்பு. கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பரவினால்தான் பூஞ்சை. இந்த அடிப்படைகூடப் பார்க்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறப்பவர்களுக்கு எத்தனை முறை எழுதுவது?

மடிப்பாக்கம்வாசி:
கறுப்புதான் சார், தலைப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது மாடி. கீசருக்கு மேலே, மூலையில். ஃபேன் இருக்கிறது. நேற்று வீரியம் போதவில்லை என்று பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் கொஞ்சம் கலந்தேன். கண் எரிந்தது, இருமல் நிற்கவில்லை. அப்படியும் புள்ளி போகவில்லை.

ரவாதோசை:
ஐயோ, இனி அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இருமல் இன்னும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், மாமியார் அப்புறம்.

அடுப்படிஅரசி:
அதற்குத்தான் நான் எப்போதும் வினிகர் சொல்வது. ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்து, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்தால் போதும். கெமிக்கலே வேண்டாம்.

ஆய்வகஅண்ணன்:
வினிகர் கெமிக்கல் இல்லாமல் இளநீரா? அதுவும் அமிலம்தான். பிளீச் காய்வதற்குள் அதன் மேல் அடித்தால் அதே குளோரின். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் மார்பிளையும் அரிக்கும்.

நெல்லைக்கொத்தன்:
பழைய வீடுகளில் இந்தத் தொல்லை உண்டா? வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அந்தக் காரத்தில் பூசணம் நிற்காது. இப்போது டிஸ்டெம்பர், பிளாஸ்டிக் பெயிண்ட் என்று பூசிவிட்டுச் சுவர் மூச்சுவிடவில்லை என்கிறீர்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள் தம்பி.

ஆய்வகஅண்ணன்:
சுண்ணாம்பின் காரம் நாளாக நாளாகக் காற்றுப் பட்டுக் குறைந்துவிடும். வருடா வருடம் அடித்ததே அதனால்தான். அப்புறம், பூசணம் இல்லை, பூஞ்சை.

நெல்லைக்கொத்தன்:
எங்கள் ஊரில் பூசணம்தான். ஊறுகாயில் வந்தாலும் பூசணம், சுவரில் வந்தாலும் பூசணம். உங்கள் பாடப்புத்தகம் அச்சாவதற்கு முன்பே எங்கள் பாட்டி சொன்ன சொல்.

அடுப்படிஅரசி:
எங்கள் பக்கம் பூஞ்சணம். சண்டை வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரி:
பெயர் எதுவாக இருந்தால் என்ன, மேலிருந்து ஒழுகுகிறது. வாடகை வீடா, சொந்த வீடா? வாடகை என்றால் ஓனர் செலவு. ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

மூன்றுவீடுஓனர்:
அதெப்படி? ஜன்னலைத் திறக்காமல், ஈரத்துணியை உள்ளேயே காயப்போட்டு வளர்ப்பது குடியிருப்பவர். செலவு மட்டும் ஓனரா?

கீழ்வீட்டுக்காரி:
வந்துவிட்டார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது பெயிண்டுக்கு என்று பிடித்துக்கொள்வீர்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?

ரவாதோசை:
இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கறை பக்கத்தில் ஓரிடத்தைக் காயவிட்டு, உள்ளங்கை அளவு அலுமினிய ஃபாயிலை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் வழக்கம்போலக் குளியுங்கள். பிறகு பாருங்கள். ஃபாயிலுக்குப் பின்னால், சீலிங் பக்கம் ஈரம் என்றால் ஒழுகல், கீழ்வீட்டுக்காரி சொல்வது சரி. உங்களைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் என்றால் அது வெந்நீர் ஆவி.

ஆவி என்றால் முதலில் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும். பூஞ்சையின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது அடியில் உயிரோடுதான் இருக்கும், உங்களுக்கு மூன்று வாரத்தில் வந்ததும் அதனால்தான். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூள் மூக்கில் போகும். நனைத்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் துணியால் ஒற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தலைக்கு மேல் வேலை. பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பெயிண்ட்.

ஃபேனைக் குளித்து முடித்தும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா? காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே இருக்கும் காற்றே ஈரம்.

ஆய்வகஅண்ணன்:
நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

ரவாதோசை:
நான்கு நாள் ஆயிற்று. என்ன ஆயிற்று சார்? இருமல் எப்படி?

மடிப்பாக்கம்வாசி:
இருமல் போய்விட்டது. ஃபாயிலில் நம்மைப் பார்த்த பக்கம்தான் தண்ணீர். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், புறா வருகிறது என்று ஆகஸ்டிலிருந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தேன். எடுத்துவிட்டேன், வலை கட்டச் சொல்லியிருக்கிறேன். மாமியார் வந்துவிட்டார்கள். அவர்களும் பூசணம் என்றுதான் சொல்கிறார்கள். நன்றி.

நெல்லைக்கொத்தன்:
😀

ரவாதோசை:
அட்டையா! அதைத்தானே முதல் நாளே ஜன்னல் உண்டா என்று கேட்டேன்.

கீழ்வீட்டுக்காரி:
எதற்கும் மேல் வீட்டையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மேலே வீடு இருக்கிறதா இல்லையா என்று கடைசி வரை நீங்கள் சொல்லவே இல்லையே.